தாதியாகும் வழி: எந்தப் படி முதலில்?

லுணுகலைப் பக்கத்தில் காணியையும் வீட்டையும் விட்டு இடம்பெயர்ந்த பெற்றோர் பலர் எம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்கின்றனர்: "மகளை நேர்ஸ் வேலைக்குப் படிக்க வைக்கலாமா? ஆறு மாத வகுப்பு இருக்கிறதாமே?" பணம் கட்டுவதற்கு முன் இதை நாம் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

பராமரிப்பாளர், தாதி உதவியாளர் பயிற்சிகள் பயனுள்ளவையே. நோயாளியைக் குளிப்பாட்டவும், உணவூட்டவும், படுக்கையில் புரட்டிப் படுக்க வைக்கவும் அவை கற்றுத் தருகின்றன. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் கிடைத்தால் வேலை தேட உதவும். ஆனால் அந்தச் சான்றிதழை மட்டும் கொண்டு ஒருவர் பதிவு பெற்ற தாதியாக முடியாது. ஆகவே சேருமுன், அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று விசாரியுங்கள். "இதை முடித்தால் அரசாங்க நேர்ஸ்" என்று சொல்பவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள்.

பதிவு பெற்ற தாதியாவதற்கான வாசல் க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவு. அதிலிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன.

முதலாவது, அரசாங்கத் தாதியர் பயிற்சி. இது மூன்று ஆண்டுகள். பதுளையிலும் தாதியர் கல்லூரி உண்டு. பயிற்சிக் காலத்தில் அரசாங்கம் மாதக் கொடுப்பனவு தருகிறது. ஆகவே நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. வயதெல்லையும் தேவையான பாடங்களும் வர்த்தமானியில் வெளிவரும்.

இரண்டாவது, நேரடிப் பட்டப்படிப்பு. யாழ்ப்பாணம், கிழக்கு, பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களில் நான்காண்டுத் தாதியர் பட்டம் உண்டு. உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டே இதற்குத் தெரிவு நடைபெறும்.

முதல் வழியில் சென்றவருக்கும் பட்டத்தின் கதவு மூடப்படவில்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994ஆம் ஆண்டில் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையுடன் தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஏற்கனவே பதிவு பெற்றுப் பணியாற்றும் தாதியர், வேலையை விடாமலே தொலைக்கல்வி மூலம் இதைப் படிக்கலாம். பதுளையிலும் இப்பல்கலைக்கழகத்தின் கற்கை நிலையம் உண்டு. எந்த வகுப்பு எங்கே நடக்கும் என்பதை அங்கே கேட்டறியலாம்.

எனவே நாம் முடிவெடுக்க வேண்டிய காலம் சாதாரண தரம் முடிந்த உடனேயாகும். அருகிலுள்ள தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை என்பதற்காகப் பிள்ளை கலைப் பிரிவில் சேர்ந்தால், இந்த வாசல் அநேகமாக அடைபட்டுவிடும். விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலை எது, தங்குமிடம் உண்டா என்று அதிபரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடப்பதால், ஆங்கிலத்தை இப்போதே கவனியுங்கள்.

இன்னொன்று. இடம்பெயர்ந்தபோது பத்திரங்களை இழந்தவர்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம். விண்ணப்பம் கோரிய பின் அலைவதைவிட, இந்த மாதமே அதைச் செய்துவிடுங்கள். காணி போனாலும் பிள்ளையின் படிப்பு போகாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.