முயலுக்கு ஒரு துப்பாக்கி

முயல் என்றதும் உங்கள் வீட்டுக் குழந்தை கைகொட்டிச் சிரிக்கும். ஆஸ்திரேலியப் பண்ணைக்காரியிடம் சொல்லிப் பாருங்கள், முகத்தைச் சுளிப்பாள்!

1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர், வேட்டையாடிப் பொழுது போக்க இங்கிலாந்திலிருந்து 24 முயல்களைத் தருவித்தார். அவற்றின் சந்ததி கோடிக் கணக்கில் பெருகி, ஆடுகளுக்கான புல்லைத் தின்று தீர்த்தது. மேற்கே 3,000 கிலோ மீட்டருக்கு மேல் வேலி போட்டார்கள். 1950-ல் நோய்க் கிருமியைப் பரப்பினார்கள். தப்பிப் பிழைத்தவற்றுக்குத் துப்பாக்கியும் வேண்டியிருக்கிறது.

அதற்கு ஏற்றது 'பாயிண்ட் 22' ரகம். இலேசானது இரண்டரைக் கிலோதான் இருக்கும். இடுப்புக் குழந்தையைவிடக் குறைவு! உதைப்பும் சொற்பம்.

ஆனால் வாங்கியவுடன் வயலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. ஐம்பது கஜ தூரத்தில் காகிதத்தை நிறுத்தி, துப்பாக்கியை மூட்டைமேல் சாய்த்து, ஐந்து முறை சுட வேண்டும். துளைகள் நெருங்கி விழுந்தால் துப்பாக்கி நல்லது. மொத்தமாக ஒதுங்கி விழுந்தால், குறி பார்க்கும் கருவியைத் திருகிச் சரிசெய்யலாம்.

பிறகு மூட்டை இல்லாமல் சுட வேண்டும். இலேசான துப்பாக்கி கையில் ஆடும். எவ்வளவு தூரம் குறி தவறவில்லையோ, அதுவே உங்கள் எல்லை. அதைத் தாண்டிச் சுட்டால், முயல் காயத்தோடு வளைக்குள் போய்த் துடித்துச் சாகும்.

குண்டின் எடை இரண்டரைக் கிராம்தான். தவறினாலோ ஒன்றரைக் கிலோ மீட்டர் பறக்கும்! முயலுக்குப் பின்னே மண்மேடு இருந்தால்தான் விசையை இழுக்கலாம். வீடு திரும்பியதும் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அரிவாள்மணையைக் குழந்தைக்கு எட்டாமல் வைக்கும் நமக்கு இது புதுப் பாடமா என்ன?