நட்டு இறுகினால் போதாது, போல்ட் நீள வேண்டும்

2003 நவம்பரில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், சூ சிட்டிக்கு அருகே 140 அடி உயர நெடுஞ்சாலை விளக்குக் கம்பம் ஒன்று சாய்ந்து விழுந்தது. வண்டி எதுவும் மோதவில்லை. காற்றில் ஆடி ஆடியே அதன் அடிப்பகுதியில் விரிசல் ஓடியிருந்தது. பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் வேறொரு தலைவலி. சாலைப் பலகைகளையும் விளக்குக் கம்பங்களையும் தாங்கும் ஆங்கர் போல்ட்டுகளில், புதிதாக நட்ட கம்பங்களில்கூட, நட்டுகள் தளர்ந்து கிடந்தன. ஐயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் அந்தப் பிரச்சினை போனது.

நன்றாக முறுக்கிய நட்டு ஏன் தளர்கிறது? ‘நன்றாக’ என்ற சொல்லில்தான் சிக்கல். கான்கிரீட்டில் புதைந்த போல்ட்டில் கீழே ஒரு நட்டு, அதன்மேல் கம்பத்தின் அடித்தகடு, அதற்கும் மேலே இன்னொரு நட்டு. மேல் நட்டை முறுக்கும்போது இரண்டுக்கும் இடைப்பட்ட துண்டு போல்ட் ரப்பரைப் போல இழுபடுகிறது. அந்த இழுவிசைதான் தகட்டைப் பிடித்து வைக்கிறது. அந்தத் துண்டோ மிகக் குட்டை. அமெரிக்க விதிப்படி, ஒன்றரை அங்குலம் வரையிலான நடுத்தர வலிமை போல்ட்டை, ஸ்பேனரால் ஓரளவு இறுக்கிய பிறகு மூன்றில் ஒரு சுற்று திருப்ப வேண்டும். அங்குலத்துக்கு ஆறு மரை என்றால், நட்டு நகர்வது வெறும் 1.4 மில்லிமீட்டர். வாஷருக்கு அடியில் கொஞ்சம் துரு, பூச்சில் கொஞ்சம் மேடு இருந்து பிறகு நசுங்கினாலே பிடிப்பில் பெரும்பங்கு போய்விடும்.

டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணை நம்பலாமே என்பீர்கள். நாம் போடும் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை மரையிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வே தின்றுவிடுகிறது. மரை காய்ந்திருந்தால் எண் ஏறும், போல்ட் நீளாது. அதனால்தான் முதலில் மசகு தடவச் சொல்கிறார்கள். தேன்மெழுகும் அந்தப் பட்டியலில் உண்டு! ஆனால் வேகத்தில் கூடுதலாக முறுக்கிவிட்டால் இரும்பு நிரந்தரமாக நீண்டுபோகும். குறைவாக முறுக்குவதைவிட அது மோசம் என்பேன். தளர்ந்த நட்டை மறுபடி இறுக்கலாம், இழுபட்டுப்போன போல்ட்டைக் கான்கிரீட்டிலிருந்து எப்படிப் பிடுங்குவது?

லாரிச் சக்கரம் மாட்டும் மெக்கானிக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நட்டு, அடுத்து அதற்கு எதிர்ப்பக்கத்து நட்டு. இங்கும் அதே முறைதான், குறைந்தது இரண்டு சுற்றாக. பக்கவாட்டில் நீளும் கையுள்ள பலகைக் கம்பம் என்றால், கையை மாட்டும் முன்பே நட்டுகளை இறுக்கிவிட வேண்டும். கையின் பாரம் ஏறியபின் ஒரு பக்க போல்ட்டுகள் இழுபட்டும் மறுபக்கத்தவை நசுங்கியும் இருக்கும். பழைய கம்பத்தில் மறுபடி இறுக்கும் வேலை இன்னும் கவனம் கேட்பது. ஒரு நேரத்தில் ஒரே நட்டைத்தான் கழற்ற வேண்டும். துடைத்து, மசகிட்டு, இறுக்கியபின்தான் அடுத்தது. காற்று வீசும் நாளில் அந்தப் பக்கமே போகக்கூடாது.

எல்லாம் முடிந்தாலும் கணக்கு தீரவில்லை. குறைந்தது 48 மணி நேரம் கழித்து ஆட்கள் திரும்பி வருகிறார்கள். துத்தநாகப் பூச்சு அழுத்தத்தில் மெல்ல அமுங்கப் பிடிக்கும் அவகாசம் அது. கணக்கிட்ட முறுக்குவிசையில் 110 சதவீதம் கொடுத்துப் பார்க்கிறார்கள். நட்டு அசையாமல் நின்றால் சரி. அந்த அளவை எட்டவே முடியாமல் சுற்றிக்கொண்டே போனால், மரை தேய்ந்திருக்கலாம், இல்லை உள்ளே போல்ட்டே போயிருக்கலாம்.