‘வைரஸ் இல்லை’ என்றால் மாத்திரையை நிறுத்தலாமா?

“ரிப்போர்ட்ல வைரஸே தெரியலையே, இன்னும் எதுக்கு சார் மாத்திரை?” எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடும் பலருக்கும் எழும் கேள்வி இது.

செஞ்சிக்காரர்களுக்கு ஊர் வரலாற்றைச் சொல்லியே விளக்கலாம். 1690-ல் முற்றுகையைத் தொடங்கிய முகலாயப் படை 1698-ல்தான் கோட்டையைப் பிடித்தது. உள்ளேயிருந்த மராட்டிய மன்னர் ராஜாராமோ அதற்கு முன்பே தப்பிவிட்டார். கோட்டை விழுந்தும் போர் ஓயவில்லை. ரிப்போர்ட்டில் தெரியாத வைரஸின் கதையும் இப்படித்தான்.

‘வைரல் லோடு’ பரிசோதனை, ரத்தத்தில் மிதக்கும் வைரஸை மட்டுமே எண்ணுகிறது. எச்.ஐ.வி.யோ சி.டி.4 என்ற வெள்ளணுவுக்குள் புகுந்து, தன் மரபுக்குறிப்பை அந்த அணுவின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடும். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரை, புதிய அணுக்களில் இந்த வேலை நடக்காமல் தடுக்கும். ஏற்கெனவே செருகப்பட்டதை அதனால் பிடுங்கி எறிய முடியாது.

அப்படிப்பட்ட அணுக்களில் சில, பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் ‘நினைவு அணுக்கள்’. வேலையில்லாதபோது இவை உறங்கும். உள்ளிருக்கும் வைரஸும் சத்தமில்லாமல் கிடக்கும். வைரஸின் புரதம் எதுவும் வெளியே தெரியாததால் உடலின் காவல் படைக்கு அடையாளம் தெரியாது. அணு பெருகும்போது வைரஸின் மரபுக்குறிப்பும் கூடவே பெருகும். இந்த ஒளிவிடத்தை 1997-ல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தனர். இது பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகும். முழுதும் தீர 70 ஆண்டுகளுக்கு மேல் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடுகிறது.

பெர்லினில் 2007-ல் எலும்பு மஜ்ஜை அணு மாற்று செய்துகொண்ட டிமோதி ரே பிரவுன் உட்பட மிகச் சிலரே முழுதாக விடுபட்டிருக்கிறார்கள். அவருக்கு அதைச் செய்தது ரத்தப் புற்றுநோய்க்காக. உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையை எல்லோருக்கும் தர முடியாது.

இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்தது 1986-ல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும். அப்போது கொடுக்க மருந்தில்லை. 2004-ல் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது தாம்பரம் அரசு மருத்துவமனையும் முதல் மையங்களில் ஒன்று. இன்று பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. அதைத் தவறாமல் சாப்பிட்டு, வைரஸ் தெரியாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக நோய் பரவாது. இந்த நிலை மாத்திரை தொடரும்வரைதான். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகலாம். வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் மையத்தில் சொன்னால், அங்குள்ள மையத்துக்கு மாற்றிக்கொடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் 1097-க்கு இலவசமாகப் பேசலாம்.