'ஒரு செட் மாத்திரை குடுங்க' என்று கேட்பவரா நீங்கள்? உஷார்!

"அண்ணே... உடம்பு வலி, லேசா காய்ச்சல். ஒரு செட் மாத்திரை குடுங்க."

தமிழ்நாட்டு மெடிக்கல் ஷாப்களில் தினமும் கேட்கும் குரல் இது. கடைக்காரரும் கத்தரியை எடுத்து, 3, 4 அட்டைகளில் இருந்து ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி கவரில் போட்டு நீட்டுவார். டாக்டர் பீஸ் மிச்சம். மறுநாள் வேலைக்கும் போயிடலாம்.

ஆனால் கவருக்குள் என்ன இருக்கு? வாங்கியவருக்கு தெரியாது. வெட்டின துண்டில் பெயரும் முழுசா இருக்காது. வில்லங்கமே அங்குதான்.

கலர் வேற, சரக்கு ஒண்ணு

காய்ச்சல் மாத்திரையில் இருப்பது பாரசிட்டமால். சளி மாத்திரை, வலி மாத்திரை பலவற்றிலும் அதே பாரசிட்டமால் கலந்திருக்கிறது. கம்பெனி வேற, கலர் வேற, அவ்வளவுதான்.

கணக்கு போட்டு பாருங்க. காய்ச்சல் மாத்திரையில் 650 மில்லி கிராம், சளி மாத்திரையில் 500, வலி மாத்திரையில் 325. மூன்றையும் சேர்த்து விழுங்கினால் ஒரு வேளைக்கு 1,475. மூணு வேளைக்கு 4,425! ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 ஆயிரம்தான் உச்சவரம்பு. தினமும் 'தண்ணி' போடுபவர்களுக்கு அதைவிட குறைவிலேயே கல்லீரல் பாதிக்கலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், அளவு மீறினாலும் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்சம் வாந்தி, குமட்டல் வரலாம். சிலருக்கு அதுவும் வராது. 2, 3 நாள் கழித்துதான் கண் மஞ்சளாகும். முறிவு மருந்து உண்டு. ஆனால் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். எனவே அதிகமா போட்டுட்டோம் என்று தெரிந்தால் "நல்லாத்தானே இருக்கேன்" என்று படுத்துவிடாமல் உடனே 108-க்கு போன் போடுங்கள்.

பி.பி., சுகர் இருக்கா?

வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வாங்குபவர்கள், மெடிக்கல் ஷாப்பில் அதை சொல்வதே இல்லை. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் பி.பி.யை ஏற்றிவிடும், கிட்னியையும் பதம் பார்க்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படலாம்.

சில 'செட்'களில் குட்டியா ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். "அந்த கடை மாத்திரை நல்லா கேட்குதுப்பா" என்று பேர் வாங்குவது இதனால்தான்! இது சுகரை எகிற வைக்கும். வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றுப்புண் வரும் ஆபத்தும் கூடும்.

சளி மாத்திரை பலவற்றில் தூக்கம் வரும். ஆட்டோ, லாரி ஓட்டுபவர்கள் கவனம். அதோடு குவார்ட்டரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கூலி வேலைக்கு போகிறவருக்கு டாக்டர் பீஸ் பெரிய செலவுதான், மறுக்க முடியாது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்கு பைசா செலவில்லை. கடையிலேயே வாங்குவதாக இருந்தால் "செட்" என்று கேட்காதீங்க. பெயர் தெரியும்படி அட்டையோடு வாங்குங்க. ஏற்கனவே என்ன சாப்பிடுறீங்க என்பதை முதலில் சொல்லுங்க. அட்டையில் சிவப்பு கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக்கூடாத மாத்திரை.

மாத்திரை பெயர் வாயில் நுழையாவிட்டால் கவலை வேண்டாம். வீட்டில் இருக்கும் அட்டை, பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டு போங்க. டாக்டர் பார்த்துக்கொள்வார்.