கொசுவிரட்டித் தைலங்கள்: எவ்வளவு நேரம், யாருக்கு?

டெங்குக் காய்ச்சலுடன் அனுமதிக்கப்படும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர், “தைலம் தடவித்தானே படுக்க வைத்தோம்” என்று எங்களிடம் வருந்துவதுண்டு. அவர்கள் தவறேதும் செய்யவில்லை. எலுமிச்சைப்புல், சிட்ரொனெல்லா, நீலகிரி முதலிய தைலங்களின் மணம் கொசுவின் மோப்ப உணர்வைக் குழப்புவது உண்மையே. ஆனால் அவை விரைவில் ஆவியாகிவிடும்; மணம் தீர்ந்ததும் பாதுகாப்பும் தீர்ந்துவிடும். சிட்ரொனெல்லாத் தைலம் பெரும்பாலும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரமே பயன் தரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பெரும்பாலும் பகலில் கடிப்பது. இரவில் தடவிய தைலம் மறுநாள் காலையில் உதவாது.

எங்களுக்குப் பெருங்கவலை தருவது வேறொன்று. நீலகிரித் தைலத்தையோ கற்பூரத்தையோ சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைகளுக்கு வலிப்பு ஏற்படக்கூடும். கைக்குழந்தையின் முகத்திலோ மூக்கருகிலோ இவற்றைத் தடவவே வேண்டாம். பகலுறக்கத்திலும் கொசுவலையே தக்க காப்பு. பெரியவர்களும் தைலத்தை அப்படியே பூசாமல், தேங்காய் எண்ணெயில் சில துளிகள் மட்டும் கலந்து பூசுக. நீர்த்தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மூடிவைப்பது எத்தைலத்தினும் மேலான பயன் தரும்.

குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால், வாந்தியெடுக்க வைக்க முயலாதீர்கள். அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.