மலை வேட்டைக்கு எந்தத் தோட்டா?

அமெரிக்காவின் ராக்கி மலைகளில், கூடாரத்தையும் உணவையும் முதுகில் சுமந்து பல நாள் நடந்து மான் வேட்டையாடுவோர் உண்டு. அங்குள்ள மியூல் மானில் கடா 100 கிலோ அளவில் இருக்கும். எல்க் என்னும் பெரிய மானின் கடாவோ 300 கிலோவையும் தாண்டும். இரண்டுக்கும் சுமப்பது ஒரே துப்பாக்கிதான்.

பெரிய தோட்டாவே நல்லது என்று புதியவர்கள் நினைப்பார்கள். மேக்னம் தோட்டாவுக்கு வேகம் அதிகம்தான். ஆனால் மலையேற வசதியாக எடை குறைந்த துப்பாக்கியை வாங்கினால், அதே தோட்டா தோளை இன்னும் பலமாக உதைக்கும். உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வார், குறி தவறிவிடும். வயிற்றில் குண்டு பட்ட எல்க் உடனே விழாது. பள்ளத்தாக்கில் ஓடி ஒளிந்து, மெல்ல மெல்லச் சாகும். அந்த வேதனையை நினைத்தாவது வேட்டைக்காரர் வீம்பை விடவேண்டும்.

1925இல் வந்த .270 வின்செஸ்டரும், 1906இல் ராணுவத்துக்கென உருவான .30-06ம் இன்றும் விரும்பப்படுவது இதனால்தான். இவற்றின் உதை, பழகியவருக்குத் தாங்கக்கூடியது. .270இல் 8.4 கிராம் குண்டு மானுக்குப் போதும். எல்க்குக்கு 9.7 கிராம் குண்டு நல்லது. அதுவும் எலும்பில் பட்டுச் சிதறாமல் நுரையீரல்வரை பாயும் வகையாக இருக்கவேண்டும். எல்க்கே முக்கியம் என்பவருக்கு .30-06இல் 11.7 கிராம் குண்டும் உண்டு. எதை எடுத்தாலும், மலையேறுமுன் அதே துப்பாக்கியில் அதே தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பழகிக்கொள்கிறார்கள்.