சினை நாய்க்குப் பச்சை இறைச்சி தகுமா?

நாய் ஓநாயின் வழித்தோன்றல். ஆகவே, சமைக்காத இறைச்சியும் எலும்புமே அதற்கு இயல்பான உணவு என்னும் வாதம் நாய் வளர்ப்போரிடையே வலுப்பெற்று வருகிறது. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் வெளியிட்ட நூல் இவ்வாதம் பரவ முக்கியக் காரணம். நலமான நாய்க்கு இது பொருந்துமா என்பதில் இரு தரப்பும் வாதிட இடமுண்டு. சினை நாய்க்குப் பொருந்தாது என்பதே என் துணிபு.

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்கள். முதல் ஐந்து வாரங்களில் உணவைப் பெரிதாகக் கூட்டத் தேவையில்லை. அதன் பிறகே குட்டிகள் வேகமாக வளர்கின்றன. ஈனும் தறுவாயில் தாய்க்கு வழக்கத்தைவிட 25 முதல் 50 சதவீதம் வரை கூடுதல் ஆற்றல் வேண்டும். பாலூட்டும் மூன்றாம், நான்காம் வாரங்களில், குட்டிகளின் எண்ணிக்கைக்கேற்ப அத்தேவை இரண்டு முதல் நான்கு மடங்காகிறது. உணவில் உள்ள சிறு குறையும் இந்நாள்களில் பெரிதாகிவிடும்.

எலும்பற்ற இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி. கால்சியமோ மிகச் சொற்பம். இக்குறையை உணர்ந்து சிலர் சினைக்காலத்தில் கால்சியம் மாத்திரைகளைத் தாமாகவே கொடுக்கின்றனர். அது வேறொரு ஆபத்து. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைக்கும்போது, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் உடலின் ஏற்பாடு மந்தமாகிறது. பால் சுரக்கத் தொடங்கியதும் ரத்தத்தில் கால்சியம் திடீரெனக் குறைந்து, நடுக்கமும் வலிப்பும் கண்டு, உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் தாய் இறக்கவும் நேரும். ஈரலை அளவின்றிக் கொடுத்தால், அதிலுள்ள வைட்டமின் 'ஏ' மிகுந்து குட்டிகள் ஊனத்துடன் பிறக்கக்கூடும்.

கிருமிகளின் அச்சுறுத்தல் இதனினும் பெரிது. பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் இருக்கலாம். நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணி நச்சுக்கொடி வழியே கருவை அடைந்து, பிறந்த சில வாரங்களில் குட்டிகளின் பின்னங்கால்களை முடக்குகிறது. ஒருமுறை தொற்றிய தாய் அடுத்தடுத்த ஈற்றுகளிலும் அதைக் கடத்தக்கூடும். ஆஸ்திரேலியாவில் காட்டுப்பன்றியின் பச்சை இறைச்சியை உண்ட நாய்களுக்குப் புருசெல்லா தொற்றியது பதிவாகியுள்ளது; கருச்சிதைவை உண்டாக்கவல்ல அக்கிருமி மனிதருக்கும் பரவும். உறைய வைத்தால் போதும் என்பர் சிலர். உறைநிலை ஒட்டுண்ணிகள் பலவற்றைக் கொல்லுமே தவிர, பாக்டீரியாக்களை ஒழிப்பதில்லை.

நோய்க்குறி ஏதுமற்ற நாயும் தன் மலத்தில் சால்மோனெல்லாவை வெளியேற்றக்கூடும். குட்டி ஈன்ற இடத்தைத் துப்புரவு செய்பவரும், குட்டிகளைக் கொஞ்சும் குழந்தைகளும், வீட்டிலுள்ள கர்ப்பிணிகளும் முதியோரும் இதற்கு இலக்காகலாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இல் பச்சை இறைச்சி உணவை ஊக்குவிக்கலாகாது எனக் கொள்கை வகுத்தது இதனால்தான்.

பச்சை இறைச்சி தின்ற நாய்கள் நல்ல குட்டிகளை ஈன்றதில்லையா எனக் கேட்கலாம். ஈன்றதுண்டு. தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் எண்ணிப் பார்த்து உணவுமுறையை வகுப்பது அறிவுடைமை ஆகாது.

மாற்று வழி கடினமானதன்று. இறைச்சியை நன்கு வேகவைத்து, வெந்த எலும்புகளை அகற்றிவிட வேண்டும். அவை பிளந்து குடலைக் கிழிக்கும். வேகவைத்த இறைச்சி மட்டுமே முழு உணவாகாது. வளரும் குட்டிகளுக்கும் சினை நாய்க்கும் ஏற்றதெனக் குறிக்கப்பட்ட முழுமையான தீவனத்தையோ, கால்நடை மருத்துவர் வகுத்துத் தரும் உணவையோ அளிப்பதே நலம். கடைசி வாரங்களில் கருப்பை இரைப்பையை நெருக்குவதால், சிறுசிறு அளவாகப் பலமுறை கொடுக்க வேண்டும். உணவு மாற்றத்தை இணைசேர்ப்பதற்கு முன்பே தொடங்குவது மிக நன்று.

தனக்கு எது ஆகாது என்று சொல்ல நாய்க்கு வாயில்லை. அதன் வயிற்றில் வளரும் உயிர்களுக்கும் சேர்த்துச் சிந்திக்க வேண்டியவர் அதை வளர்ப்பவரே.